வீட்டு உபயோகப் பொருள் பழுதுபார்ப்புத் தொழிலைத் தனியாகத் தொடங்குவது: முழுமையான வழிகாட்டி

மிக்ஸியையும் வாஷிங் மெஷினையும் கழற்றிப் பூட்ட நன்றாகத் தெரிந்தவர்கள், சொந்தமாகக் கடை திறந்து ஓராண்டுக்குள் மூடிவிட்டு மறுபடியும் சம்பள வேலைக்குப் போவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அவர்களில் பெரும்பாலோருக்கு வேலை தெரியாமலில்லை. ஒருமுறை சரிசெய்து கொடுத்த பொருள் அதே கோளாறோடு இரண்டாம் முறையும் மேசைக்கு வந்தது. அந்த இரண்டாம் வேலைக்குக் கூலி கேட்க முடியவில்லை. அதற்குச் செலவான நேரத்தில் புதிய வேலையும் எடுக்க முடியவில்லை. தொழிலில் இதை ‘ரிப்பீட்’ என்போம். கீழே உள்ள படிகளின் வரிசை முழுவதும் ரிப்பீட்டைக் குறைப்பதற்காகவே அமைந்தது. தமிழ்நாட்டின் ஒரு நடுத்தர ஊரில், ஒரே ஆளாக, சிறு முதலீட்டில் தொடங்குபவரை மனத்தில் வைத்து எழுதுகிறேன்.

1. மூன்று பொருள்களை மட்டும் தேர்ந்தெடுங்கள்

மிக்ஸி, வெட் கிரைண்டர், மின்விசிறி ஆகிய மூன்றில் தொடங்குவது நல்லது. மூன்றுமே கடைக்குக் கொண்டுவரப்படும் பொருள்கள் என்பதால் பெட்ரோல் செலவு இல்லை. உதிரிபாகங்கள் மலிவு என்பதால் பழகும் காலத்துத் தவறுகளின் விலையும் குறைவு. மிக்ஸியும் கிரைண்டரும் இல்லாமல் இங்கே ஒரு வீட்டில் இரண்டு நாள் சமையல் ஓடாது. ஆகவே வேலை தொடர்ந்து வரும்.

அடுத்த கட்டமாக வாஷிங் மெஷின், கீசர், ஃபிரிட்ஜின் மின்பகுதி ஆகியவற்றையும், அவை கைவந்த பிறகு இண்டக்‌ஷன் அடுப்பின் போர்டு வேலை, ஃபிரிட்ஜின் கேஸ் வேலை, ஏசி ஆகியவற்றையும் சேர்க்கலாம்.

புதியவர்கள் செய்யும் முதல் தவறு பெயர்ப்பலகையிலேயே இருக்கிறது. பன்னிரண்டு பொருள்களின் பெயரை எழுதி வைத்தால், தெரியாத பொருளே முதலில் வந்து சேரும். அது பத்து நாள் மேசையில் கிடந்து, கடைசியில் ‘பார்ட்ஸ் கிடைக்கவில்லை’ என்று திருப்பிக் கொடுக்கப்படும். அந்த வீட்டின் மிக்ஸியும் அதன் பிறகு உங்களிடம் வராது.

2. பிறர் கடையில் ஆறு மாதம்

ஐ.டி.ஐ.யில் எலெக்ட்ரீஷியன் பிரிவும், குளிர்பதன மற்றும் ஏசி டெக்னீஷியன் பிரிவும் இரண்டாண்டுப் படிப்புகள். அவற்றைப் படித்திருந்தால் அடிப்படை உறுதியாக இருக்கும். படித்திருந்தாலும் இல்லாவிட்டாலும், ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கடையில் ஆறு மாதமாவது வேலை செய்யுங்கள். அங்கே கழற்றுவதைவிட முக்கியமாகக் கவனிக்க வேண்டியவை இரண்டு: எந்தப் பாகம் வாரத்துக்கு எத்தனை போகிறது என்பதும், விலையை வாடிக்கையாளரிடம் எந்தக் கட்டத்தில் சொல்கிறார்கள் என்பதும்.

இதே காலத்தில் பழைய இரும்புக் கடையில் ஓடாத மிக்ஸிகள் நான்கைந்து எடை விலைக்கு வாங்கி, ஒவ்வொன்றையும் போனில் படம் எடுத்தபடி கழற்றிப் பூட்டிப் பாருங்கள். உதாரணமாக, மோட்டாரின் மேலே ஜாரோடு இணையும் கப்ளரைக் கழற்றும்போது பலர் திசை தெரியாமல் முறுக்கி மரையைக் கெடுத்துவிடுகிறார்கள். அரைக்கும்போது ஏற்படும் பாரம் கப்ளரை மேலும் இறுக்க வேண்டும் என்பதற்காகவே அந்த மரை வெட்டப்பட்டிருக்கிறது. ஆகவே கீழே ஷாஃப்டை அசையாமல் பிடித்துக்கொண்டு, மோட்டார் எந்தப் பக்கம் சுற்றுமோ அந்தப் பக்கமே கப்ளரைத் திருப்பினால் கழன்று வரும். இந்தக் காரணத்தைப் புரிந்துகொண்டவருக்கு எந்தக் கம்பெனி மாடல் வந்தாலும் தடுமாற்றம் இருக்காது.

3. மேசைக்கு வரும் மின்சாரத்தை முதலில் ஒழுங்குபடுத்துங்கள்

கருவி வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது. பெரும்பாலோர் கடைசிக்குத் தள்ளிவிடுவதும் இதைத்தான். மேசைக்குத் தனி எம்.சி.பி.யும் (மின்னோட்டம் மிஞ்சினால் துண்டிக்கும் சுவிட்ச்), 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் (மின்கசிவு ஏற்பட்டால் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்க வேண்டும். எர்த் உண்மையில் வேலை செய்கிறதா என்று அளந்து பார்க்க வேண்டும். காலடியில் ரப்பர் விரிப்பு போடுங்கள். வீட்டிலேயே கடை நடத்தினாலும், வீட்டு இணைப்பில் தொழில் செய்யாமல் வணிகக் கட்டண இணைப்பு வாங்கிவிடுங்கள். பின்னால் வரும் அபராதத்தைவிட அந்தச் செலவு குறைவு.

அடுத்தது சீரிஸ் போர்டு. ஒரு ஹோல்டரில் 100 வாட் குண்டு பல்பு, அதற்குத் தொடராக ஒரு பிளக் பாயின்ட், இவ்வளவுதான் போர்டு. சந்தேகத்துக்குரிய எந்தப் பொருளையும் முதல் முறை இதன் வழியாகவே இயக்க வேண்டும். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும்; ஆனால் ஃபியூஸ் போகாது, போர்டு வெடிக்காது. எங்காவது அறுந்திருந்தால் பல்பு எரியவே எரியாது. மோட்டார் நன்றாக இருந்தால் மங்கலாக எரியும். எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது; இழை உள்ள பல்பு மட்டுமே பாரத்துக்கு ஏற்ப மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும். ஃபிரிட்ஜ் போன்ற பெரிய மோட்டார்களுக்காக 200 வாட் பல்பு ஒன்றும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை மறக்கக் கூடாது. பல்பு மங்கலாக எரிகிறது என்பதால் வெளியே வரும் கம்பியில் ஷாக் அடிக்காது என்று பொருளில்லை. சீரிஸ் போர்டு பொருளைக் காக்கும். உங்கள் கையைக் காக்காது.

4. கருவிகளை வாங்கும் வரிசை

முதல் நாளிலேயே பெரிய பெட்டி வேண்டாம். கெப்பாசிட்டர் அளக்கும் வசதியுள்ள மல்டிமீட்டர், கிளாம்ப் மீட்டர், நல்ல ஸ்க்ரூடிரைவர் செட், பாக்ஸ் ஸ்பேனர், ஸ்னாப் ரிங் பிளையர், இரண்டு கால் பேரிங் புல்லர், 25 வாட் சோல்டரிங் அயர்ன் ஆகியவை போதும். மின்காப்பை அளக்கும் மெக்கரை இரண்டாம் மாதத்தில் வாங்குங்கள். ஆனால் கீசர் வேலையை எடுக்கும் முன் கட்டாயம் வாங்குங்கள். 500 வோல்ட்டில் சோதிக்கும்போது பொருளின் வெளிக்கூட்டுக்கும் வைண்டிங் என்னும் கம்பிச்சுருளுக்கும் இடையே ஒரு மெகாஓம் கூட இல்லாத பொருளை, அது எவ்வளவு நன்றாக ஓடினாலும், நான் வாடிக்கையாளர் கையில் கொடுப்பதில்லை.

புல்லரில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். புல்லர் இல்லாதவர்கள் சுத்தியலால் தட்டிப் பேரிங்கை எடுக்கிறார்கள். ஷாஃப்ட் நூலளவு வளைந்தாலும் புதிய பேரிங் இரண்டு மாதத்தில் சத்தம் போடத் தொடங்கிவிடும்.

5. உதிரிபாக இருப்பு

நீங்கள் வேலை செய்த கடையில் குறித்துவைத்த கணக்கு இங்கே உதவும். கார்பன் பிரஷ், கப்ளர், ஜார் புஷ் (பிளேடின் தண்டு சுற்றும் குழல்), ஓவர்லோடு சுவிட்ச், கிரைண்டர் பெல்ட், 6201, 6202 பேரிங், 2.5 மற்றும் 3.15 மைக்ரோஃபாரட் விசிறிக் கெப்பாசிட்டர் ஆகியவை எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும். அதிகம் போகாத பாகத்தை வேலை வந்த பிறகு வாங்கலாம். மாவட்டத் தலைநகரில் ஒரு மொத்தக் கடையோடு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். எலெக்ட்ரானிக் பாகங்களுக்குச் சென்னை ரிச்சி தெரு இருக்கிறது.

விலை குறைந்த கெப்பாசிட்டரை வாங்கும்போது பத்தில் இரண்டையாவது மீட்டரில் அளந்து பாருங்கள். மேலே எழுதியிருக்கும் மதிப்புக்கும் உள்ளே இருப்பதற்கும் சம்பந்தமே இல்லாத சரக்கு சந்தையில் தாராளமாகக் கிடைக்கிறது.

6. பதிவும் கடனும்: இங்கே வரிசை தவறக் கூடாது

சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு 2020 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளது. ஆதார் எண்ணைக் கொண்டு அரசுத் தளத்தில் நீங்களே செய்யலாம், கட்டணம் கிடையாது. அதே போன்ற தோற்றத்தில் பணம் வாங்கும் தனியார் தளங்கள் உண்டு என்பதால் முகவரியைப் பார்த்து நுழையுங்கள். சேவைத் தொழிலுக்கு ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டும்வரை பொதுவாக ஜி.எஸ்.டி. பதிவு தேவைப்படாது. தொழில் உரிமம் வேண்டுமா என்பதை உங்கள் நகராட்சி அல்லது பேரூராட்சி அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடனில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தில், பிரிவையும் ஊரையும் பொறுத்து 15 முதல் 35 விழுக்காடு வரை மானியம் உண்டு. ஆனால் அது புதிதாகத் தொடங்கும் தொழிலுக்கு மட்டுமே. கடை திறந்து, மேசை போட்டு, பெயர்ப்பலகை மாட்டிய பிறகு மாவட்டத் தொழில் மையத்துக்குப் போனால் ‘ஏற்கெனவே நடக்கும் தொழில்’ என்ற கணக்கில் வந்துவிடுவீர்கள். மானியக் கடன் தேவை என்றால் விண்ணப்பம் முதலில், கடை பிறகு. கருவிக்கும் உதிரிபாகத்துக்கும் மட்டும் பணம் வேண்டுமென்றால், சிறுதொழில் கடனுக்கான முத்ரா திட்டத்தின் சிஷு பிரிவில் 50,000 ரூபாய் வரை கேட்கலாம். முதல் ஆண்டுக்கு அதுவே போதுமானது என்பது என் கருத்து. மாதத் தவணை பெரிதாக இருப்பவர், எடுக்கக் கூடாத வேலையையும் எடுத்துவிடுகிறார்.

7. கட்டணத்தை எப்படி நிர்ணயிப்பது

பக்கத்துக் கடையைவிட ஐம்பது ரூபாய் குறைப்பது கட்டண முறை ஆகாது. உங்கள் செலவிலிருந்து கணக்கைத் தொடங்குங்கள். ஓர் உதாரணம் போடுகிறேன். வீட்டுக்கு மாதம் 25,000, கடை வாடகை 5,000, பெட்ரோலும் போனும் 4,000, கருவித் தேய்மானம் 2,000 என்றால் மொத்தம் 36,000 ரூபாய். மாதம் 25 நாள் வேலை. ஒரு நாளில் எட்டு மணி நேரம் கடையில் இருந்தாலும், பாகம் வாங்கப் போவது, போன் பேசுவது, வாடிக்கையாளரோடு பேசுவது போக, கூலி கிடைக்கும் நேரம் நான்கு மணிதான். ஆக மாதத்துக்கு 100 மணி நேரம். ஒரு மணி நேரத்துக்கு 360 ரூபாய் வந்தால்தான் குடும்பம் ஓடும். பாகத்தின் விலை இதில் சேராது.

இந்த எண்ணை வைத்துக்கொண்டு ரிப்பீட்டைப் பாருங்கள். ஒரு மணி நேர வேலைக்கு 400 ரூபாய் வாங்கினீர்கள். அது திரும்பி வந்து இன்னொரு மணி நேரமும், 60 ரூபாய் பாகமும் எடுத்துக்கொண்டால், இரண்டு மணி நேர உழைப்புக்கு உங்கள் கையில் நிற்பது 340 ரூபாய். அதாவது உங்கள் அடக்கத்தில் பாதிகூட இல்லை.

வீட்டுக்குப் போய்ப் பார்ப்பதற்கு ஒரு கட்டணமும், கடையில் கழற்றிப் பார்ப்பதற்கு ஒரு சிறு கட்டணமும் வையுங்கள். வேலையை உங்களிடமே கொடுத்தால் அதைக் கூலியில் கழித்துக்கொள்ளலாம். இதைப் போன் வந்தவுடனேயே, ‘அம்மா, வந்து பார்க்க இவ்வளவு ஆகும், வேலை செய்தால் அதிலேயே கழித்துவிடுவேன்’ என்று சொல்லிவிட வேண்டும். வேலை முடிந்த பிறகு சொன்னால் அது சண்டையாகத்தான் முடியும். கூச்சப்பட்டுச் சொல்லாமல் விட்டவர்கள், கோளாறைக் கண்டுபிடிக்கும் திறமையை இலவசமாகக் கொடுத்துவிட்டு, பாகத்தின் விலையில் அதை ஒளித்துவைக்கப் பார்க்கிறார்கள். வாடிக்கையாளர் அதே பாகத்தின் விலையைப் போனில் தேடிப் பார்த்த அன்றே நம்பிக்கை போய்விடும்.

8. பொருள் கைக்கு வந்ததும் செய்ய வேண்டியது

இரண்டு பிரதி விழும் வேலைச் சீட்டுப் புத்தகம் ஒன்று அச்சடித்துக்கொள்ளுங்கள். பெயர், தேதி, மாடல், வாடிக்கையாளர் சொன்ன குறை அவருடைய சொற்களிலேயே, கூட வந்த ஜார்களின் எண்ணிக்கை, ஏற்கெனவே உள்ள விரிசல் ஆகியவற்றை அவர் முன்னாலேயே எழுதுங்கள். ‘மூடி நான் கொடுத்தேன்’, ‘கொடுக்கவில்லை’ என்ற வாக்குவாதத்துக்கு இதைத் தவிர மருந்து இல்லை. எத்தனை நாளுக்குள் எடுத்துச் செல்ல வேண்டும் என்பதும் சீட்டிலேயே அச்சாகியிருக்கட்டும்.

பிறகு, கெட்ட பாகத்தைக் கண்டவுடன் கையை நிறுத்தி, அது எதனால் கெட்டது என்று பாருங்கள். என்னிடம் பழகிய ஒரு தம்பி, ஓடாத மிக்ஸி ஒன்றைத் திறந்து, கார்பன் பிரஷ் தேய்ந்து கட்டையாகிவிட்டதைக் கண்டு, புதிய ஜோடி போட்டு அரை மணி நேரத்தில் கொடுத்துவிட்டார். மூன்று வாரத்தில் அது திரும்பி வந்தது; புதிய பிரஷும் கரிந்திருந்தது. நான் மோட்டாரைத் தொடாமல், கூட வந்த சட்னி ஜாரின் பிளேடை விரலால் சுற்றிப் பார்க்கச் சொன்னேன். அது சுற்றவில்லை. ஜாரின் அடியில் புஷ் இறுகிப்போயிருந்தது. அந்த இறுக்கத்தை இழுத்து இழுத்தே மோட்டார் அளவுக்கு மீறிய மின்னோட்டத்தை எடுத்திருக்கிறது. சீல் வழியாகக் கசிந்த தண்ணீர் ஆர்மேச்சர் (மோட்டாரின் சுழலும் பகுதி) வரை இறங்கியிருக்கிறது. அன்று முதல், மிக்ஸி கொண்டுவருபவரிடம் எல்லா ஜாரையும் சேர்த்துக் கொண்டுவரச் சொல்வது எங்கள் வழக்கம்.

கிரைண்டரும் விசிறியும் ‘ம்ம்’ என்று முனகி நின்றால் உடனே கெப்பாசிட்டரை மாற்றாதீர்கள். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு ஷாஃப்டைக் கையால் சுற்றுங்கள். எளிதாகச் சுற்றினால் கெப்பாசிட்டரை அளக்கலாம். எழுதியிருக்கும் மதிப்பிலிருந்து பத்து விழுக்காட்டுக்கு மேல் குறைந்திருந்தால் மாற்றலாம். இறுக்கமாக இருந்தால் குறை பேரிங்கில் உள்ளது. அதை விட்டுவிட்டுக் கெப்பாசிட்டரை மட்டும் மாற்றினால் வைண்டிங் எரிந்து, செலவு பல மடங்காகிவிடும். வேகம் கூடட்டும் என்று 2.5 இருந்த இடத்தில் 4 மைக்ரோஃபாரட் போடுவது ஊரெங்கும் நடக்கும் தவறு. வைண்டிங் சூடேறி, அடுத்த கோடையிலேயே அந்த விசிறி உங்களிடம் வரும்.

9. வீட்டுக்குப் போனால் முதலில் சுவரைப் பாருங்கள்

வாஷிங் மெஷினுக்கும் ஃபிரிட்ஜுக்கும் போகும்போது, பொருளைத் தொடும் முன் பிளக் பாயின்ட்டில் மூன்று அளவுகள் எடுங்கள். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 வோல்ட் அளவில் இருக்க வேண்டும். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையேயும் ஏறத்தாழ அதே அளவு வர வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே சில வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. எர்த் இல்லையென்றால் அதை வேலைச் சீட்டில் எழுதி, வீட்டுக்காரரிடம் சொல்லிக் கையெழுத்து வாங்குங்கள். ‘மெஷினைத் தொட்டால் சுருக்கென்கிறது’ என்ற புகார்களில் பல அங்கேயே முடிந்துவிடும்.

ஃபிரிட்ஜ் கம்ப்ரஸர் கிளம்பும் நொடியில் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருங்கள். வோல்ட்டேஜ் 180-க்குக் கீழே சரிந்தால், ரிலேயை எத்தனை முறை மாற்றினாலும் அது போய்க்கொண்டேதான் இருக்கும். வோல்ட்டேஜ் சரியாக இருந்தால் கம்ப்ரஸரின் மூன்று முனைகளையும் ஓம்ஸில் அளக்கலாம்: ஸ்டார்ட், ரன் முனைகளுக்கு இடையிலான அளவு மற்ற இரண்டின் கூட்டுத்தொகையாக வர வேண்டும்.

வாஷிங் மெஷினில் தண்ணீர் ஏறவில்லை என்றால் குழாயும் இன்லெட் சல்லடையும் முதலில். போர்த் தண்ணீர் உள்ள வீடுகளில் அந்தச் சல்லடை உப்புப் படிந்து சுண்ணாம்புக் கட்டியாகவே இருக்கும். தண்ணீர் ஏற ஏற வெளியே போய்க்கொண்டிருந்தால் டிரெயின் குழாய் தரையில் கிடக்கிறதா என்று பாருங்கள். டாப் லோடு மெஷினில் ‘திடீரென்று நின்றுவிட்டது’ என்றால் டார்ச் அடித்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். எலி கடித்த ஒயர் கண்ணில் படலாம். அப்போது ஒயரை ஒட்டுவதோடு நில்லாமல், அடியில் வலைத்தகடு பொருத்திவிட்டு வாருங்கள்.

10. இப்போதைக்குத் தொடக் கூடாதவை

மைக்ரோவேவ் அவனின் உள்ளே 2,000 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கெப்பாசிட்டரில் மின்சாரம் தேங்கி நிற்கும். நேரில் ஒருவர் அருகிலிருந்து கற்றுத்தராமல் அதன் மூடியைத் திறக்கவே வேண்டாம்.

இன்றைய ஃபிரிட்ஜ்கள் பலவற்றில் ஆர்-600ஏ கேஸ் உள்ளது. அது ஐசோபியூட்டேன், தீப்பற்றும். கம்ப்ரஸர் மேல் ஒட்டியுள்ள லேபிளில் கேஸின் பெயரும் தீச்சுடர் குறியும் இருக்கும். கேஸ் உள்ளே இருக்கும்போது டார்ச் பற்றவைத்துக் குழாயைச் சூடாக்குவது உயிருக்கு ஆபத்து. அதன் அளவும் சில பத்து கிராம்தான். எடை போடும் தராசு இல்லாமல் கேஜை மட்டும் பார்த்து ஏற்றினால் சரியாக அமையாது. இதற்கான பயிற்சி பெறும்வரை, கேஸ் வேலையைத் தெரிந்த ஒருவருக்கு மாற்றிவிடுங்கள். வாடிக்கையாளர் அதைக் குறையாக நினைப்பதில்லை.

11. கொடுக்கும் முன் பாரத்தோடு ஓட்டுங்கள்

வெறுமனே ஓட்டிப் பார்த்துக் கொடுப்பதே ரிப்பீட்டுக்குப் பெரிய காரணம். கடையில் தினமும் காலையில் ஒரு கிண்ணம் உளுந்து ஊறவைத்துவிடுகிறேன். சரிசெய்த ஒவ்வொரு மிக்ஸியிலும் அதைத் தண்ணீர் விட்டு ஐந்து நிமிடம் அரைத்து, இரண்டு நிமிடம் ஓயவிட்டு, மறுபடியும் அரைக்க வேண்டும். அரைபடும்போது காற்றுத் துளை வழியே பிரஷ் முனையைப் பாருங்கள். ஊசிமுனை அளவு நீலப் பொறி இயல்பானது. பிரஷ் உரசும் கம்யூட்டேட்டரைச் சுற்றி வளையமாக நெருப்பு ஓடினால் ஆர்மேச்சர் போய்விட்டது என்று பொருள். கிரைண்டரை இருபது நிமிடம் ஓட்டி மோட்டார் மேல் கை வைத்துப் பாருங்கள். வாஷிங் மெஷினில் நனைந்த துண்டுகளைப் போட்டு ஸ்பின் முடியும்வரை அங்கேயே இருங்கள். இண்டக்‌ஷன் அடுப்பில் ஐ.ஜி.பி.டி. (போர்டில் மின்சாரத்தை வேகமாகத் திறந்து மூடும் பாகம்) மாற்றியிருந்தால் முதல் இயக்கம் சீரிஸ் போர்டில்தான்: பல்பு ஒருமுறை மின்னி அணைய வேண்டும், எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே இன்னும் ஷார்ட் உள்ளது.

12. பில், உத்தரவாதம், கழிவு

பாகத்தையும் கூலியையும் தனித்தனியாகக் காட்டி பில் கொடுங்கள். பில் தராமலிருப்பது 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடவடிக்கை. உத்தரவாதத்தை ‘இதே குறைக்கு 30 நாள்’ என்பதுபோலக் குறிப்பாக எழுதுங்கள். ‘ஒரு மாத கேரண்டி’ என்று மட்டும் எழுதினால், பிரஷ் மாற்றிய மிக்ஸியின் சுவிட்ச் போனாலும் உங்களையே கேட்பார்கள். மாற்றிய பழைய பாகத்தை வாடிக்கையாளரிடம் காட்டுங்கள். அவர் கேட்டால் கொடுத்துவிடுங்கள். புதிய வாடிக்கையாளர்கள் வருவதற்கு நான் கண்ட வழிகளில் விளம்பரத்தைவிட இதுவே பலன் தந்திருக்கிறது.

பழைய போர்டுகளையும் ஒயர்களையும் செம்புக்காக எரிக்காதீர்கள். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு விதிகளின்படி, அவை அங்கீகரிக்கப்பட்ட மறுசுழற்சியாளரிடம் போய்ச் சேர வேண்டும்.

13. ரிப்பீட் நோட்டு

ஒரு தனி நோட்டில், திரும்பி வந்த ஒவ்வொரு வேலைக்கும் மூன்று விவரங்கள் எழுதுங்கள்: முதலில் என்ன மாற்றினீர்கள், உண்மையில் என்ன குறை இருந்தது, எந்தச் சோதனையைச் செய்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். மாதக் கடைசியில் எண்ணிப் பாருங்கள். ஐம்பது வேலைக்கு இரண்டுக்கு மேல் திரும்பி வந்திருந்தால் புதிய பொருள் எதையும் சேர்க்காமல், அந்த நோட்டில் அடிக்கடி வரும் சோதனையை வேலைச் சீட்டிலேயே ஒரு கட்டமாக அச்சடித்துக்கொள்ளுங்கள். தொடர்ந்து மூன்று மாதம் இரண்டுக்குள் நின்றால் வாஷிங் மெஷினையும் கீசரையும் பெயர்ப்பலகையில் எழுதலாம். கீசருக்கு முன் மெக்கர் வாங்கிவிட்டீர்களா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.